கொம்பில்லாத லென்ஸ்

புகைப்படக்காரியின் கணவருக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது சும்மா இருப்பது மட்டும்தான்.

பத்து மணிக்குப் பதிப்பகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எழுத்தாளரை ஃபிலிமில்தான் எடுக்க வேண்டுமாம். புத்தகத்தின் பின்னட்டையில் படத்துக்குக் கீழே அவள் பெயரையும் போடுவார்களாம். எட்டு வருடமாகச் சொந்தக்காரர்களை ஓசியில் படமெடுத்தே ஓய்ந்தவளுக்கு முதல் தடவையாக அச்சில் பெயர்! வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடைய வேண்டும்? ஒன்பது மணிக்குக் கேமராவை எடுத்துப் பார்த்தால், லென்ஸ் வளையத்தை எந்தப் பக்கம் திருகினாலும் வெளிச்சம் காட்டும் முள் அசைய மாட்டேன் என்றது. மீட்டரை நம்பாமல் கண்ணாலேயே வெளிச்சத்தை அளக்கிற துணிச்சல் அவளுக்கு இன்னும் வரவில்லை.

"பேட்டரி போயிருக்கும்" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். பெரிய நிபுணர்!

ஜன்னல் பக்கம் திருப்பினாள். முள் துள்ளியது. ஆக, பேட்டரி இல்லை. கேமராவின் நெற்றியில் இருந்த சின்ன ஊசியை விரலால் தள்ளினாள். அதற்கும் முள் நகர்ந்தது. கேமராவும் பிழைத்தது. அந்த ஊசியைத் தள்ள வேண்டியது லென்ஸ் வளையம். வளையத்தைப் பார்த்தாள். திருகாணி போன இரண்டு ஓட்டைகள் அவளைப் பார்த்து இளித்தன.

"ஏங்க, இங்க கொம்பு மாதிரி ஒரு தகடு இருக்குமே?"

"அதுவா? நேத்து லென்ஸைத் துடைச்சப்பவே கழட்டிட்டேன். சும்மா துருத்திக்கிட்டுப் பையைக் கிழிச்சுது. இப்ப பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

அவள் ஓடிப்போய்த் தேடினாள். தகடு மேசை இழுப்பறையில் கிடந்தது. திருகாணிகளைத்தான் காணோம்.

"அதையும் வீணாக்கல" என்று பெருமையோடு மூக்குக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டு காலும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. அளவெடுத்தாப்ல பொருந்திடுச்சு."

அவள் கண்ணாடியை அவர் மூக்கிலிருந்து உருவி, திருகாணிகளைக் கழற்றினாள். கால்கள் இரண்டும் தனித்தனியாகப் பேப்பர் மேல் விழுந்தன. கொம்பை முடுக்கி, வளையத்தைத் திருகினாள். முள் நகர்ந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடியேய், நான் எப்படிப் பேப்பர் படிக்கிறது?"

"இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்க" என்று பையைத் தோளில் மாட்டினாள். "புத்தகம் வரட்டும். என் பேரை நானே சத்தமா வாசிச்சுக் காட்டுறேன்."