ஒன்பதாவது அமாவாசை

காலை ஒன்பது மணிக்குக் கலையரசி மைக்கைப் பொருத்தினாள். கீபோர்டில் பியானோ ஒலியை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடத் தொடங்கியது.

ஹெட்போனைக் கழற்றினாள்.

அமாவாசையன்று பிள்ளையார்பாளையத்தில் யாரும் தறியில் உட்காருவதில்லை. அவள் ஆல்பத்தின் எட்டுப் பாட்டுகளும் எட்டு அமாவாசைகளில், பள்ளிக்கூட வேலைக்கு விடுப்புப் போட்டுப் பதிவானவை. பியானோவும் குரலும் இங்கே. டிரம்ஸையும் கிடாரையும் சென்னையில் ஜெபகுமார் சேர்த்தான். ஒன்பதாவது பாட்டுக்கு அவை வேண்டாம். ஜெபகுமார் இன்று இரவு துபாய்க்கு வேலைக்குப் போகிறான். நான்கு மணிக்குள் அனுப்பாவிட்டால் ஆல்பம் அந்தப் பாட்டு இல்லாமல் முடியும்.

பக்கத்து வீட்டு வாசலில் காந்தா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு அமாவாசைதானே?"

"நேத்தே ஆயிடுச்சிம்மா. நீ இஸ்கூலுக்குப் போயிட்ட. இன்னாடா பாட்டையே காணோம்னு நெனச்சேன்."

கலையரசி செல்போனைக் காட்டினாள். இன்றைய தேதியில் கறுப்பு வட்டம் இருந்தது.

"அது ராத்திரி ரெண்டரையோட முடிஞ்சிது. படையல் நேத்துதான். போனுக்கு இன்னா தெரியும், அதுவா படையல் போடுது?"

எட்டு முறையும் காந்தாவைத்தான் கேட்டாள். இந்த முறை கேட்க அலுப்பாக இருந்ததால் செல்போனைப் பார்த்தே விடுப்புப் போட்டிருந்தாள்.

காந்தாவின் கணவர் காசிநாதன் தறியை நிறுத்தாமலே பேசினார். "நாளைக்குச் சேலைய முடிச்சுத் தறியிலேர்ந்து அறுக்கணும்மா. மதியம் சோத்துக்கு எறங்குவேன். அரை மணி. அதுக்குள்ள பாடிடு."

"போதும்ண்ணே."

"அந்தச் சாவிப் பாட்டுதானே? அழுமூஞ்சிப் பாட்டும்மா அது."

"நீ நெய்யி," என்றாள் காந்தா.

கணவனின் வீட்டை விட்டு அவள் வெளியேறி வந்த நாளின் பாட்டு அது. கடைசி வரிக்கு முன்னால் நீண்ட மௌனம். பிறகு, 'சாவியை நான் திருப்பித் தரவில்லை.' ஒத்திகையில் ஒருமுறைகூட அந்த வரிக்குக் குரல் முழுதாக எழுந்ததில்லை.

ஒன்று பத்துக்குத் தறி நின்றது. முதல் முறை இரண்டாம் சரணத்தில் இருமினாள். மறுபடி தொடங்கினாள். இந்த முறை பிசகவில்லை. மௌனம் வந்தது. பெடலை அழுத்தியபடி மனதுக்குள் எட்டு வரை எண்ண வேண்டும். ஐந்தில், சாப்பாட்டு நேரம் முடிந்து, தறி அடித்தது. இரண்டு அடி.

"யோவ், எறங்குய்யா! இன்னும் ஒரு வரி இருக்குது!" காந்தா கத்தியது சுவரைத் தாண்டிக் கேட்டது.

தறி நின்றது. பியானோ ஒலி இன்னும் அடங்கவில்லை. அவள் பாடினாள். குரலை மறைத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. அது முழுதாக வந்தது.

அனுப்பினாள். இரண்டே முக்காலுக்கு ஜெபகுமார் கூப்பிட்டான்.

"அக்கா, நடுவுல யாரோ கத்துறாங்க. கட் பண்ணிடட்டுமா?"

"பண்ணு."

"பண்ணிப் பாத்தேன். கடைசி வரி ஒட்ட மாட்டேங்குது. அவங்க சொன்னதுக்கு நீங்க பதில் சொல்ற மாதிரி இருக்குது. இன்னொரு டேக் தர்றீங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"முடியாதுடா."

"அப்போ?"

"இருந்துட்டுப் போவட்டும்."

வயர்களைச் சுருட்டினாள்.

"முடிஞ்சிதாம்மா?" சுவர் வழியாகக் காந்தா கேட்டாள்.

"முடிஞ்சிதுக்கா."

"சாப்புட வா. கீரை இருக்குது."

"வர்றேன்."

உடனே எழ முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தறியின் அதிர்வு முதுகில் பட்டுக்கொண்டே இருந்தது.