பொங்காமல் ஒரு கஞ்சி

நுரை விளிம்பைத் தொட இரண்டு விரற்கடை இருக்கும்போதே அவர் அடுப்பின் திருகைக் குறைத்தார். நுரை சற்று யோசித்தது. பிறகு மனமில்லாமல் கீழே இறங்கியது.

"பொங்கிடுச்சா?" என்று படுக்கையறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"இல்ல அத்தை."

"சாகப்போறவகிட்ட பொய் சொல்லாதீங்க மாப்பிள்ளை."

"சத்தியமா பொங்கல அத்தை."

மாமியார் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்தவர். அன்று காலை கண் விழித்ததும் நீலம் பாய்ந்த தன் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மத்தியானம் தாண்டாது" என்று மகளிடம் சொல்லிவிட்டார். பிறகு வந்த டாக்டரும் அதையேதான் சுற்றி வளைத்துச் சொன்னார். ஒரு வாரமாகத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாதவர், டாக்டர் போனதும் கஞ்சி கேட்டார். மகள் எழுந்தபோது கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீ இரு. மாப்பிள்ளை வைக்கட்டும். ஒரு தடவையாவது பொங்கவிடாம வைக்கிறாரான்னு பார்த்துட்டுப் போறேன்."

பத்தொன்பது வருட வழக்கு அது. கல்யாணமான புதிதில் நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டு மாப்பிள்ளை வைத்த முதல் கஞ்சி, பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்தது. அதற்குப் பிறகு வைத்ததெல்லாம் பாத்திரத்தில் பாதி, அடுப்பில் பாதி. அவர் லிஃப்ட் மெக்கானிக் வேறு. "பன்னிரண்டு மாடி லிஃப்டைச் சொன்ன இடத்துல நிறுத்துறாரு, ஒரு பாத்திரம் கஞ்சியை நிறுத்தத் தெரியல" என்று மாமியார் சொல்லிச் சிரிக்காத உறவுக்காரர் கிடையாது.

இன்று அவர் விடுவதாக இல்லை. மூன்று பேர் கஞ்சிக்கு ஆறு பேருக்கான பாத்திரம். விளிம்பு முழுக்க எண்ணெய் தடவி, குறுக்கே மரக்கரண்டி வைத்திருந்தார். தெளிப்பதற்கு இடது கையில் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர். தீயோ, இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டிய அளவில் எரிந்தது.

மனைவி சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒரு மணி நேரமாச்சு. தீயைக் கொஞ்சம் கூட்டுங்களேன்."

"கூட்டினா பொங்கிடும்."

"கூட்டலைன்னா அம்மா..."

அவள் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க என்னடி பேச்சு? அவரு பார்வையை எடுத்தா அவ்வளவுதான்" என்றது உள்ளேயிருந்து குரல். முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தது.

அவர் தீயைக் கூட்டினார். நுரை குபுகுபுவென்று ஏறியது. ஊதினார், தெளித்தார், கிளறினார், துணியால் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். அது இறங்கியதும் வைத்தார். மறுபடி ஏறியது, மறுபடி தூக்கினார். அரை மணி நேரம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் கஞ்சி வெந்தது, அவர் சட்டை நனைந்தது, அடுப்பில் ஒரு சொட்டு விழவில்லை.

கிண்ணத்தில் ஊற்றி ஆற்றிக்கொண்டு உள்ளே போனார்.

"பொங்கல அத்தை."

மாமியார் மகளைப் பார்த்தார். "போய் அடுப்பைப் பார்த்துட்டு வா."

அவள் போய்விட்டு வந்தாள். "சுத்தமா இருக்கும்மா."

"பாத்திரத்துக்கு அடியில?"

"அங்கயும் இல்லம்மா."

மாமியார் வாயைத் திறந்தார். அவர் அரைக் கரண்டி ஊட்டினார். மாமியார் கண்ணை மூடி, வெகுநேரம் நாக்கில் வைத்திருந்து விழுங்கினார்.

"உப்பு போடல."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். போடவில்லைதான். மாமியாரின் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத வெளிச்சம் வந்தது. சிரித்தார், சிரிப்புக்குப் போதுமான மூச்சு இல்லாததால் தோள் மட்டும் குலுங்கியது. மகளும் சிரித்துவிட்டாள். அவரும்தான்.

"ஒரு நிமிஷம் அத்தை. இதோ."

உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே திரும்பி வந்தார். "இப்பப் பாருங்க" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மனைவி நிமிரவில்லை. மாமியாரின் உதட்டோரம் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

கிண்ணத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மேஜை முழுக்க மருந்து. அதைக் கையில் வைத்தபடியே மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்துலருந்து நீ ஒண்ணும் சாப்பிடல" என்று கிண்ணத்தை நீட்டினார்.

அவள் வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு கூடிடுச்சு."

"அப்படியா?"

"ம்."

அவள் இன்னொரு வாய் குடித்தாள். மற்றொரு கை அம்மாவின் கைக்குள்ளேயே இருந்தது.