பெரிய பிரேக்

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட அந்தச் சிவப்புக் கார்தான் ஒசத்தி. குறையாகச் சொல்லவில்லை, தெருவே அறிந்த விஷயம். இரண்டே கதவு. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டு ஜன்னல் அதிரும். வாங்கும்போதே பழசு, இப்போது கேட்கவே வேண்டாம். இத்தனை வருடத்தில் என் கை அதன் ஸ்டீயரிங்மேல் பட்டதில்லை. "உனக்கெல்லாம் இது சரிப்படாதுடி" என்பார், ஏதோ நான் அவர் சொத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டதுபோல.

அந்தக் கார்தான் போன வாரம் வங்கி வாசலில் காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியை நொறுக்கித் தள்ளியது. மனுஷன் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார், பிழைத்தார். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அவர் எழுந்து போகாமல் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே நொறுங்கிக் கிடந்த நாற்காலியைப் பார்த்தேன். இவரோ இறங்கி, பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிரேக் பிடிக்கமாட்டேங்குது" என்று தீர்ப்புச் சொன்னார்.

பிரேக்காம். யாருக்குக் காது குத்துகிறார்? இந்த வருடம் மட்டும் பிரேக் பேட் மாற்றியாயிற்று, ஆயில் மாற்றியாயிற்று, ஹோஸும் மாற்றியாயிற்று. மாற்றிய கையோடு "இப்ப பரவாயில்ல" என்பார், கொஞ்ச நாளில் மறுபடி அதே புலம்பல். மாற்றாமல் விட்டது மிதிக்கிற காலை மட்டும்தான். நடைபாதையில் ஏறும்போது பேன்ட்டைத் தொடைப் பக்கம் கொத்தாகப் பிடித்து வலது காலைத் தூக்கி வைப்பார், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில். டாக்டரிடம் காட்டலாம் என்றால் எரிந்து விழுவார். "சும்மா மரத்துப்போகுது. அதுக்குப் போய் டாக்டரா?"

சரி, வீட்டில் சொன்னால் ஏறாது என்று விட்டுவிட்டேன். பெரிய பிரேக் போடப்போகிறேன் என்று அவர் பட்டறைக்குக் கிளம்பியபோது நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

மெக்கானிக் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். பெரிய டிஸ்க்கையும் அதை இறுக்கிப் பிடிக்கும் பெரிய கேலிப்பரையும் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் பரப்பி வைத்திருந்தான். முன் சக்கரம் இரண்டுக்கும் மாட்டுவது. இவர் அதைப் பிறந்த குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டுப் பார்த்தார்.

"இத மட்டும் போட்டுட்டா சாகுற வரைக்கும் நான் இந்த வண்டிய ஓட்டுவேன்" என்றார்.

"தாராளமா ஓட்டலாம் அண்ணே. ஆனா அண்ணி என்ன சொல்றாங்க?"

"அவளுக்கு என்ன தெரியும்? ஹாரன் எங்க இருக்குன்னே தெரியாது."

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மூலையில், தரையில் பதித்த உருளைகளின்மேல் ஒரு வேனை ஏற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் சுழலும்போது பிரேக்கை மிதித்தால், எவ்வளவு பிடிக்கிறது என்று சுவரில் இருக்கும் முள் காட்டும். கீழே சிவப்பு, மேலே பச்சை. எனக்கு ஹாரன் தெரியாமல் இருக்கலாம், சிவப்பும் பச்சையும் தெரியும்.

"பழசு எவ்வளவு பிடிக்குதுன்னு அதுல ஒரு தடவ பாத்துடலாமே. அப்புறம் மாத்தலாமா வேணாமான்னு முடிவு பண்ணலாம்" என்றேன்.

"பரவாயில்லயே, அறிவாத்தான் பேசுற" என்றார் இவர்.

மெக்கானிக் காரை உருளைமேல் ஏற்றி மிதித்தான். முள் துள்ளிப் பச்சையில் போய் நின்றது.

"நல்லாத்தானே பிடிக்குது அண்ணே" என்று தலையைச் சொறிந்தான்.

"நீ மிதிக்கிற விதம் வேறப்பா."

"அப்ப நீங்க மிதிங்க" என்றேன் நான்.

மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வந்து, "வேணாம் அண்ணி" என்றான் மெதுவாக.

"ஏன் வேணாம்? வண்டி அவரோடதுதானே?"

இவர் ஏறி உட்கார்ந்தார். சற்றுமுன் சிரித்தவர்கள் எல்லாம் சுவரைப் பார்த்தார்கள். முள் கொஞ்சம் எழுந்தது, சிவப்பிலேயே நடுங்கியது, விழுந்தது.

"ஷூ வழுக்குது" என்றார்.

"கழட்டிட்டு மிதிங்க."

கழற்றினார். வெறுங்காலோடு மிதித்தார். முள் முன்பு நின்ற இடத்துக்குக்கூட வரவில்லை. மறுபடி மிதித்தார். இந்தத் தடவை இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக் கீழே அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியெல்லாம் வியர்த்தது. வேன்காரன் ஒருவன் களுக்கென்று சிரித்தான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. போதும் என்று நான் சொல்லவில்லை. அவராக நிறுத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. "பெரிய பிரேக் போட்டு, கூடவே பூஸ்டரையும் மாத்திட்டா லேசா மிதிச்சாலே நிக்கும் அண்ணே" என்றான்.

அது உண்மைதான் போலிருக்கிறது. இவர் முகத்தில் அப்படி ஒரு உயிர் வந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். கார் விஷயத்தில் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டது அன்றைக்குத்தான்.

"போட்டுக்கலாமா?"

"இன்னைக்கு லேசா மிதிப்பீங்க. அடுத்த மாசம் அதுவும் முடியலன்னா? அன்னைக்கு நாற்காலியில ஆள் உக்காந்திருந்தா?"

"கேக்குறேன்ல. போட்டுக்கலாமா, வேணாமா?"

"வேணாம். வண்டிய வித்துடுங்க."

இவர் இறங்கி, ஷூவை மாட்டிக்கொண்டு, சாவியை மெக்கானிக்கிடம் நீட்டினார். அவனே அந்தக் காரில் எங்களை வீட்டில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னான். இவர் பழக்கத்தில் ஓட்டுநர் கதவுப் பக்கமே போய் நின்றார்.

"பின்னாடி உக்காருங்க. முன்னாடி இருந்தா கியரைப் பிடிச்சு இழுப்பீங்க" என்றேன்.

அந்தக் காரின் பின்சீட்டில் பை வைக்கத்தான் இடம். மெக்கானிக் ஓட்டுநர் சீட்டை முன்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டான். இவர் குனிந்து, தலையை இடித்துக்கொண்டு, எப்படியோ உள்ளே விழுந்து உட்கார்ந்தார். வலது கால் மட்டும் வெளியே தொங்கியது. பேன்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அந்த இடுக்கில் கை முழுதாக எட்டவில்லை.

"தூக்கி விடு" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"பெரிய பிரேக் போட்டுக்கலாமான்னு இப்ப கேளுங்க."

மெக்கானிக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இவர் உதட்டைக் கடித்தார். கண் கலங்கியிருந்தது.

"வேணாம்" என்றார்.

"காதுல விழல."

"வேணாம்."

அதற்கப்புறம்தான் குனிந்து அந்தக் காலைத் தூக்கி உள்ளே வைத்தேன்.