மெத்தைக் கடை ஆல்பம்

தம்பியின் மூச்சை அக்கா வெட்டி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தொழில் பழக்கம்தான். பேருந்து நிலையத்து அறிவிப்புகளைப் பதிவுசெய்து சுத்தம் பண்ணுவது அவளுக்கு வருஷக்கணக்காகச் சோறு போட்ட வேலை. இரண்டு சொல்லுக்கு நடுவே அறிவிப்பாளர் மூச்சு வாங்குவது கேட்டால் மேலாளர் முகம் சுளிப்பார். அதனால் கணினித் திரையில் குரல் கோடாக ஓடும்போதே மூச்சு இருக்கிற இடம் அவள் கண்ணில் பட்டுவிடும், கை தானாகப் போய் வெட்டும். இதனால் அறிவிப்பாளருக்கு ஒரு குறையும் வந்ததில்லை. எப்படி வரும்? ஐந்தாம் நடைமேடைக்காக யாரும் உயிரைக் கொடுத்துப் பேசுவதில்லையே.

தம்பி உயிரைக் கொடுத்துத்தான் பாடினான். எந்த நிறுத்தத்திலும் நிற்காத வாய் என்பதால் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அவனோடு சேர்ந்து ராப் பாடியவன் லாரி ஓட்டுகிற நண்பன். தாளம் அமைத்தவள் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண். பதிவும் ஒலிக்கலவையும் அக்கா பொறுப்பு. ஸ்டூடியோவுக்கு வழியில்லாமல், தாய்மாமாவின் மெத்தைக் கடைப் பின்னறையில் முதல் ஆல்பத்தை ஆரம்பித்தார்கள். நாலு சுவரிலும் மெத்தை சாய்ந்திருந்ததால் எதிரொலி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே தொந்தரவு, மாமா. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது கதவைத் தட்டி, இரட்டை மெத்தை ஒன்று எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் பாட்டுக்குப் பாடுங்கள் என்பார். மெத்தை போன பிறகு அந்த வரியை முதலிலிருந்து பாட வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் எல்லாப் பாட்டிலும் தம்பியின் மூச்சுகளைத் தேடித்தேடி வெட்டினாள். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய பதிவுகளையும், அலுவலகத்தில் செய்கிற மாதிரியே, கையோடு அழித்தாள். போட்டுக் கேட்டார்கள். சொற்கள் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களாக வரிசையாக வந்தன. லாரிக்காரன் தன் குரலையும் அப்படிச் சுத்தம் பண்ணித் தரச் சொன்னான். அடுத்த நாள் பார்க்கலாம் என்று அவள் சொன்னது அவன் செய்த புண்ணியம். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். தம்பி சூடான கவளத்தை ஊதினான். ஊத வரவில்லை. இன்னொரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு, சரி ஆறட்டும் என்று வைத்துவிட்டான்.

டாக்டர் முன்னும் பின்னும் குழாயை வைத்துக் கேட்டார். மூச்சு மட்டும் இல்லை, மற்றபடி ஆள் கல்லுமாதிரி இருக்கிறார், காரம் குறைத்துச் சாப்பிடட்டும் என்று அனுப்பிவிட்டார். தம்பியும் வேலைக்குப் போனான், வந்தான். ஆனால் சிரிப்பு வரவில்லை, வாசனை தெரியவில்லை, கொட்டாவி வராததால் தூக்கமும் வரவில்லை. நெஞ்சில் மிச்சமிருந்த காற்றை வைத்துத்தான் பேசினான். அது தீர்ந்தால் குரலும் போய்விடும் என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. எக்ஸ்பிரஸ் தண்ணீர் கேட்பதற்குக்கூடக் கையைக் காட்டினான். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட அவன் மனைவிக்குக் குழந்தை விஷயம் பொறுக்கவில்லை. அப்பாவின் நெஞ்சில் குப்புறப் படுத்து மட்டுமே தூங்குகிற குழந்தை அது. ஏறி இறங்காத நெஞ்சு அதற்குப் பிடிக்கவில்லை. படுக்க வைத்ததும் தலையைத் தூக்கி அவன் முகத்தை யாரோபோலப் பார்த்துவிட்டு அழுதது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பின்னறைக்கு வந்தாள். ஆல்பத்தை ஒரு வரி விடாமல் நின்றே கேட்டாள்.

"பாட்டு சுத்தமா இருக்கு அண்ணி. என் புருஷனைத்தான் காணோம்."

தான் செய்த காரியம் அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அழித்ததைத் திரும்ப எடுக்க என்னென்னவோ செய்து பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. தாங்க முடியாமல் அந்த மெத்தைகளில் சாய்ந்து அழுதாள். சாய்ந்த மெத்தை மெல்ல உப்பி, மெல்ல அமுங்கியது. பக்கத்து மெத்தையும் அப்படியே. மாமாவைக் கேட்டால் அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"நாலஞ்சு நாளா இந்தச் சரக்கெல்லாம் மூச்சு விடுதும்மா. விக்கிறவன் நான், அதுக்கு என்ன பண்ண முடியும்?"

அவள் ஒவ்வொரு மெத்தையிலும் காதை வைத்துக் கேட்டாள். முதல் பாட்டுக்கு முன்னால் தம்பி பயந்து இழுத்த மூச்சு ஒன்றில் இருந்தது. அப்பாவைப் பற்றிய வரிக்கு முன்னால் அடைத்துக்கொண்டது இன்னொன்றில். மைக்கை மெத்தையோடு ஒட்டிவைத்து ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து பழைய இடத்தில் சேர்த்தாள். ஒன்றைச் சேர்த்ததும் அந்த மெத்தை ஓய்ந்தது, வீட்டில் தம்பி தும்மினான். இன்னொன்றைச் சேர்த்ததும் காரணமில்லாமல் சிரித்தான். ஆனால் கடைசிப் பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் இருந்த மூச்சு மட்டும் எந்த மெத்தையிலும் இல்லை. அது இருந்த மெத்தையை மாமா விற்றுவிட்டிருந்தார். தூக்கமே இல்லை என்று புலம்பிக்கொண்டு யாரோ வந்து வாங்கிப்போனதாக ஞாபகம், முகம் நினைவில் இல்லையாம். வாங்கியவர் எங்கேயோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த ஒன்று இல்லாமல் மற்றவையும் தங்கவில்லை. ஒட்டுப் போடாத டியூப் மாதிரி, சாயங்காலத்துக்குள் எல்லாம் தம்பியிடமிருந்து இறங்கி மெத்தைகளுக்கே திரும்பின.

மறுநாள் காலை அக்கா எல்லாவற்றையும் மறுபடி பதிவுசெய்து சேர்த்தாள். தம்பியை வரச்சொல்லி முக்காலியில் உட்கார வைத்தாள். மருந்துக் கடைப் பெண்ணைக் கணினி முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். அந்தக் கடைசி வரி வரப்போகிற இடத்தில், வயிற்றிலிருந்து இழுத்து, ஒரு மூச்சைக் கொடுத்தாள். அவள் மூச்சின் நுனியில் ஒரு சின்ன விம்மல் இருந்தது. அதை வெட்டவா என்று அந்தப் பெண் பார்த்தாள். தொடாதே என்று அக்கா கையைக் காட்டினாள். தம்பியின் நெஞ்சு நிமிர்ந்தது. சாயங்காலம் வரை எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் இறங்கவில்லை.

"அக்கா, கடைசியில வர்றது உன்னோடதாச்சே."

"இருக்கட்டும், வெச்சுக்கோ. ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்துட்டுப் போகட்டும்."

அன்றைக்குக் குழந்தை அவன் மேல் படுத்து, எழுப்பியும் எழாமல் தூங்கியது. ஆல்பம் வெளியாகி நன்றாகவே ஓடியது. இரண்டாவது, மூன்றாவது ஆல்பமும் வந்தன. தம்பி ஊர் ஊராகப் போனான், லாரிக்காரன் லாரியை விற்றான், மாமா கடையை மூடினார். எங்கே பாடினாலும் தம்பி முதல் ஆல்பத்தின் அந்தக் கடைசிப் பாட்டில்தான் முடித்தான். அக்கா பேருந்து நிலைய வேலையை விடவில்லை. சில நாள் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிடுவாள், நெஞ்சு அசையாது. கூட வருகிறவர்கள் பதறுவதில்லை. தம்பி எங்கேயோ கடைசி வரிக்கு வந்துவிட்டான் போலிருக்கிறது என்று அவள் பையை வாங்கிக்கொண்டு, பக்கத்திலேயே நிற்பார்கள். அவன் பாடி முடிப்பான். அவள் மூச்சு விட்டு, மிச்சப் படிகளை ஏறுவாள்.