எட்டுத் தோல்வி மாப்பிள்ளை

ஆளைத் தோண்டுவதுதான் என் தொழில். வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் சொல்வதெல்லாம் உண்மையா என்று சரிபார்க்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். எவராவது 'நான் மேலாளராக இருந்தேன்' என்று அளந்துவிட்டால், அங்கே அவருக்கு உட்கார நாற்காலியாவது இருந்ததா என்று தெரிந்துகொள்ளும்வரை எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட என்னிடம் வந்து என் தங்கை சொல்கிறாள்: "அக்கா, நான் ஒருத்தரை விரும்பறேன். கூண்டுச் சண்டை போடறவர்."

"கூண்டுலயா? சிங்கத்தோடயா?" என்றார் அப்பா.

"மனுஷனோடதான்பா. எம்.எம்.ஏ.ன்னு பேரு. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்தது. பகல்ல ஏ.சி. மெக்கானிக்."

அப்பா வழக்கம்போல என் பக்கம் கையைக் காட்டினார். "உங்க அக்கா சரின்னா சரி."

"அக்கா வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் தங்கை. பாவி, சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். சண்டைக்காரர்களை இணையத்தில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உயரம், எடை, கை நீளம், யாரிடம் எந்தச் சுற்றில் எப்படித் தோற்றார் என்பதுவரை இருக்கிறது. நம்மாளுக்குப் பட்டப்பெயர் 'இடிமுழக்கம்'. வெற்றி ஐந்து, தோல்வி எட்டு. முழங்கியதைவிட நனைந்ததுதான் அதிகம்.

எப்படித் தோற்றார் என்று பார்த்தால், ஏழு தோல்விக்கு ஒரே காரணம்: 'தட்டி விலகினார்'. அதையும் தேடிப் படித்தேன். பிடியில் மாட்டிக்கொண்டவர் எதிராளி மேலோ தரையிலோ கையால் இரண்டு தட்டுத் தட்டினால், 'தோற்றேன், விடு' என்று அர்த்தமாம். அடுத்த நொடியே எதிராளி கையை எடுத்துவிட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் யாரும் 'தோற்றேன்' என்று ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தொடங்கி, அப்பாவும் நானும் வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம். இந்த வீட்டுக்கு இப்படியொரு மாப்பிள்ளையா?

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அடிபட்டு அடிபட்டுக் கசங்கிய காது, அயர்ன் செய்த சட்டை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் இணையத்திலிருந்து அச்செடுத்த காகிதத்தை மேஜைமேல் போட்டேன். தோல்விகளுக்கெல்லாம் மஞ்சள் மை பூசியிருந்தேன்.

"ஏங்க, இடிமுழக்கம்! இப்படித் தட்டித் தட்டித் தோக்கறதுக்கு எதுக்கு கூண்டுக்குள்ள போகணும்?"

"அக்கா!" என்றாள் தங்கை.

அவர் கோபப்படவில்லை. "தட்டலேன்னா கை போயிடும்க்கா. அப்புறம் ஏணி ஏறி ஏ.சி. மாட்டறது யாரு?"

"சரி, இது என்ன?" பட்டியலின் நடுவே தனித்து நின்ற ஒரு தோல்வியில் விரலை வைத்தேன். 'கழுத்துப் பிடி. மயக்கம். நடுவர் நிறுத்தினார்.' "இதுல மட்டும் ஏன் தட்டல?"

சரியான இடத்தில் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. கசங்கிய காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அன்னைக்கு இவ முதல் தடவையா பார்க்க வந்திருந்தா. முன்வரிசை. இவ எதிர்ல தட்ட வெக்கமா இருந்துச்சு." மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கண்ணு முழிச்சா, தலைமாட்டுல தேம்பித் தேம்பி அழுதுட்டிருக்கா. அவளை அழவிட்டு எனக்கென்ன வீரம்? அதுக்கப்புறம் தட்டறதுக்கு நான் வெக்கப்பட்டதே இல்லக்கா."

தங்கை வாயைப் பிளந்தாள். "அதுக்கா தட்டாம இருந்தே? லூசு! கை மரத்துப்போச்சுன்னு சொன்னியே!"

நான் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்த பெண் அவள். அவள் அழக்கூடாது என்று நினைக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று இத்தனை நாள் இறுமாந்திருந்தேன். அந்த வாரம் அவளை அழவைத்ததும் நானேதான்.

"என்னம்மா சொல்றே?" என்றார் அப்பா.

'நான் நினைத்தது தப்பு' என்று சொல்ல வாய் வரவில்லை. பழக்கமில்லை. கையை நீட்டி மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அப்பாவுக்குப் புரியவில்லை. தங்கைக்கும் புரியவில்லை. அவர் மட்டும் சட்டென்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.