திமிங்கலச் சுவருக்கு அடியில் இருந்த ஸ்டூல்

1

இந்தக் கதை ரஞ்சிதத்தின் இடுப்பு வலியிலிருந்து வந்தது. கே.ஜி.கண்டிகை டீக்கடை பெஞ்சில், இன்னொருவருக்கு இடம் விடாமல் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, இடுப்பை முஷ்டியால் குத்திக்கொண்டே சொன்னாள். இடுப்பில் பிடித்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, குதிகாலில் போய் நிற்கிற வலி. உட்கார்ந்தால் அடங்கும். நின்றால் ஏறும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் படம்.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

திருத்தணி மலையடிவாரத்தில், பக்தர்கள் படியேறும் வழியில், அமைதியான சூழலில்… (லாட்ஜ் விளம்பரம். நிறுத்திவிட்டேன்.)

கடலே இல்லாத ஊருக்கு ஆறு திமிங்கலங்கள் வந்து சேர்ந்த அன்று… (அழகாக இருக்கிறது, அதனால்தான் அடித்தேன். இடுப்பு வலிக்காரியின் கதைக்கு முதல் வரி என்ன மினுக்கிக்கொண்டு வருவது?)

ரஞ்சிதம் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிறவள். (இருக்கட்டும். இதில் பொய் இல்லை.)

3

லாட்ஜ் ஸ்ரீகுமாருடையது. தலைமுறை தலைமுறையாக மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைத்த குடும்பம். அவர் அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய கட்டடம். வரவேற்பறைச் சுவரில் வள்ளி தெய்வானையோடு முருகன், கஜலட்சுமி, அப்பாவின் படம். அவற்றுக்கு அடியில் ஒரு மர ஸ்டூல். ஓர் அறையைத் துடைத்து முடித்து, அடுத்தது காலியாகும்வரை ரஞ்சிதம் உட்கார்ந்தது அதில்தான்.

சென்னையில் படித்த மகள் சுப்ரஜா லாட்ஜைப் புதுப்பிக்க வந்தாள். சாமி படங்களும் தாத்தா படமும் உள்ளறைக்குப் போயின. சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்து, ஆறு திமிங்கலப் படங்களை மாட்டினாள். வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் உயிரினப் புத்தகங்களுக்காக வரைந்தவை. இப்போது தடித்த தாளில் அச்சுப்போட்டு, வீட்டை அலங்கரிக்க விற்கிறார்கள். கண்ணாடி போட்டால் வெளிச்சம் அடிக்குமாம், அதனால் மேலும் கீழும் மரச்சட்டம் மட்டும்.

ஸ்டூல் அந்தச் சுவரோடு ஒட்டவில்லை. படங்களுக்குக் கீழே வெறுமையாக இருந்தால்தான் திமிங்கலம் மூச்சு விடுமாம். ஸ்டூல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது. புதிதாக ஒரு சோபா வந்தது. அது தங்க வருகிறவர்களுக்கு.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. இப்படிப் படங்கள் வரைந்தவர்களில் பலர் உயிரோடு ஒரு திமிங்கலத்தைப் பார்த்ததில்லை. கரை ஒதுங்கி ஊதிப்போன பிணத்தைப் பார்த்து வரைந்தார்கள், அல்லது பார்த்தவன் சொன்னதைக் கேட்டு. லாட்ஜில் இருக்கும் ஒன்றுக்குக் கண்ணுக்குப் பக்கத்தில் காது முளைத்திருக்கிறது. சுப்ரஜாவை எழுதும்போது எனக்கும் அதுதான் நடந்தது. முதலில் கோரைப்பல் வைத்து வரைந்தேன், பிறகு பிடுங்கிவிட்டேன். சிரித்துப் பேசுகிற பெண்தான். ரஞ்சிதத்தை "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறாள். அதனால் என் கோபம் ஒன்றும் குறையவில்லை.)

4

ரஞ்சிதம் நேராகவே கேட்டாள்.

"சாமி, அந்த ஸ்டூல எங்கனா ஓரமா போட்டுக்கறேன். நின்னுகினே கீறேன், இடுப்பு உட்டுப்போவுது."

ஸ்ரீகுமார் கோபப்படவில்லை. "எங்கப்பா மடப்பள்ளியில ஆயுசு முழுக்க நின்னுண்டே சமைச்சார், ரஞ்சிதம். உட்கார்ந்தா வேலை ஓடுமா?"

அவரு சாமிக்கு நின்னாரு, நான் மீனுக்கு நிக்கறேனா என்று அவள் கேட்டிருந்தால் எனக்கு நல்ல வசனம் கிடைத்திருக்கும். அவள் "ஆங், சரிங்க சாமி" என்றுவிட்டு மாடிக்குப் போனாள்.

(வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. சட்டம் இன்னும் மலையடிவாரத்துக்கு பஸ் ஏறவில்லை.)

5

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையானால் படங்களைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட வேண்டும் என்பது ஸ்ரீகுமார் எப்போதோ போட்ட உத்தரவு. படங்களை மாற்றினார்கள், உத்தரவை யாரும் மாற்றவில்லை. கிரைண்டருக்கும் கல்லாப்பெட்டிக்கும் ஆட்டோவுக்கும் பொட்டு வைக்கிற ஊர் இது. சுவரில் ஏறிய படத்தை வெறும் நெற்றியோடு விடுவார்களா?

கிண்ணத்தில் சந்தனம் கரைத்தாள். ஏறி நிற்க ஸ்டூல் இல்லாததால் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டாள். ஒவ்வொரு படத்துக்கும் ஏறி இறங்கும்போது குதிகால்வரை சுண்டி இழுத்தது. பெரிய திமிங்கலத்துக்கு நெற்றியைத் தேட வேண்டியதே இல்லை, உடம்பில் பாதி நெற்றிதான். சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம்.

கண்ணாடியாக இருந்தால் துடைத்திருக்கலாம். தாள் சந்தனத்தைக் குடித்தது. ஈரம் பரவி, குங்குமம் கண்வரை வழிந்தது.

6

சுப்ரஜா பார்த்துவிட்டு அழுதே விட்டாள். ஸ்ரீகுமார் ரஞ்சிதத்தைக் கணக்கு முடித்துக்கொண்டு போகச் சொன்னார். கேட்டில் வாட்ச்மேன் தேசப்பன் மட்டும் பேச்சுக் கொடுத்தான்.

"மீனுக்குப் பொட்டு வெச்சிட்ட. மொட்ட எப்பக்கா?"

"மொதல்ல உனுக்குத்தான்டா."

இங்கே நான் ஒரு திருட்டு வேலை செய்யப் பார்த்தேன். ஆறில் ஒரு படத்தில், கரையில் கிடக்கும் திமிங்கலத்தின் மேல் கொக்கியும் கத்தியுமாக ஆட்கள் ஏறி நிற்கிறார்கள். அதைக் காட்டி, "செத்தவங்க படத்துக்கும் பொட்டு வெப்பாங்க சாமி" என்று ரஞ்சிதம் சொல்வதாக எழுதினேன். படித்துப் பார்த்து எனக்கே புல்லரித்தது. பிறகு எழுதிய கையின் மேல் ஆத்திரம் வந்தது. டீக்கடையில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "வெள்ளிக்கெழம. பொட்டு வெச்சேன். இதுல இன்னா கீது?" இடுப்பு விட்டுப்போனவள் என் கதைக்குத் தத்துவமும் சுமக்க வேண்டுமா?

7

முடிவுகள்.

ஸ்ரீகுமார் மனம் இளகி, தானே மாடியேறி ஸ்டூலைத் தூக்கிவருகிறார். (எழுதும்போதே கூசியது.)

ரஞ்சிதம் திரும்பி வந்து ஆறு படத்தையும் கிழித்துப் போடுகிறாள். (நீங்கள் கைதட்டிவிட்டுப் படுத்துவிடுவீர்கள். அவள் வேலை தேடி அரக்கோணத்துக்கு அலைவாள்.)

நடந்தது வேறு. புதுப் படங்கள் வரும்வரை கறைபட்டவையே சுவரில் தொங்கின. கிருத்திகைக்கு வந்து தங்கியவர்களுக்குப் பொட்டு வைத்த திமிங்கலம் பிடித்துப்போனது. அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இது யார் யோசனை என்று கேட்டதற்கு, ஊர் மணம் வேண்டுமென்று நான்தான் செய்தேன் என்றாள் சுப்ரஜா. மறுவாரம் தேசப்பன் போன் செய்தான். ரஞ்சிதம் திரும்ப வரலாம். ஆறுக்கும் வெள்ளிதோறும் பொட்டு வைக்க வேண்டும்.

அவள் போனாள். ஏனென்றால்… (இதை எழுதித்தான் புரிய வேண்டுமா?)

"பாப்பா, பக்கெட்டு வழுக்குது. அந்த ஸ்டூல எறக்கிக் குடும்மா" என்று கேட்டாள். சுப்ரஜா சிரித்தபடி, "ஐயோ, விழுந்துடப் போறீங்கக்கா" என்று புத்தம்புது அலுமினிய ஏணி வாங்கித் தந்தாள். பொட்டு வைத்து முடித்ததும் ஏணி மடங்கி ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். ரஞ்சிதம் சுவரில் கைவைத்து நிற்பாள். சுவரில் கை படக்கூடாது என்பார்கள். கையையும் எடுத்துக்கொண்டு நிற்பாள்.

8

இதற்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. காவடி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அந்த லாட்ஜில் தங்க நேரலாம். மொட்டைமாடியில், தொட்டிக்குப் பின்னால் பாருங்கள். வெயிலில் பலகை வெடித்திருக்கும், கால்கள் உறுதிதான். கீழே இறக்கிக் கொண்டுவந்து போடுவதோ, திமிங்கலத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு போவதோ உங்கள் பாடு. பாக்கி என்னவென்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்த லாட்ஜ் ரஞ்சிதத்துக்கு ஒரு ஸ்டூல் தர வேண்டும். இன்னும் தரவில்லை.