தரையிறங்க இரண்டு மணி நேரம்

அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் நீர் கோத்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு, பெர்சிஸ் ஈரக்கையோடு போனைப் பார்த்தாள். மணி பன்னிரண்டே முக்கால். தம்பி பெனோ வரும் விமானம் இந்நேரம் திருவனந்தபுரத்தில் இறங்கியிருக்க வேண்டும். போனில் ஓடிய விமான வரைபடத்தில் அது நடுக்கடலுக்கு மேல் நின்றது. தரையிறங்க இன்னும் இரண்டு மணி நேரம் என்று கீழே போட்டிருந்தது.

விடியற்காலையில் அப்பாவின் மூச்சு நின்றதும் தோஹாவிலிருந்த தம்பிக்குப் போன் போட்டவள் அவள்தான். வெளிநாட்டிலிருக்கிற பிள்ளையிடம் செத்த சேதியை நேராகச் சொல்வது அவர்கள் பக்கத்தில் வழக்கமில்லை. சீரியஸ், உடனே வா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவளும் அப்படித்தான் சொன்னாள்.

"எட்டு மணிக்கு பிளைட்டு இருக்குக்கா. மூவாயிரம் கிலோமீட்டர்தான், நாலேகால் மணி நேரம்" என்றான் அவன்.

பன்னிரண்டேகாலுக்கு இறக்கம், நாகர்கோவில் வழியாகக் காரில் மூன்றரை மணி நேரம் என்று கூட்டி, நாலரைக்கு அடக்கம் என்று சர்ச் ஐயரிடம் சொல்லிவிட்டாள். சர்ச்சில் சாவு மணியும் அடித்தாயிற்று. களக்காட்டு உறவெல்லாம் பஸ் ஏறியாயிற்று. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற கெட்டிக்காரி, அவன் சொன்னது தோஹா எட்டு மணி என்பதைக் கோட்டைவிட்டாள். அங்கே எட்டென்றால் இங்கே பத்தரை. அவன் வந்து சேர ஆறரை ஆகும். அதற்குள் மண் மூடியிருக்கும்.

ஹெப்ரான் சித்தப்பா பந்தலில் நாற்காலி பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சொன்ன நேரம் பிசகினால் ஊரைக் கூட்டுகிற மனுஷன். இரண்டு தடவை அவரருகே போய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். மூன்றாம் தடவைதான் நாக்கு புரண்டது.

"சித்தப்பா, நான் நேரத்தத் தப்பாக் கூட்டிட்டேன். பெனோ வர இருட்டிரும்."

அவர் நாற்காலியைக் கீழே வைத்தார். "குழி வெட்டியாச்சு. இப்பம் வந்து சொல்லுதியே."

"அவன் அப்பா மொகத்தப் பாக்கணும் சித்தப்பா."

அவர் அந்த நாற்காலியைத் திரும்ப மடக்கினார். "நாளைக்குக் காலைல ஒம்பதுக்கு வச்சிக்கிடுவோம். ஐயர்ட்ட நான் பேசிக்கிடுதேன். அவன்ட்ட யாரு சொல்லுதது?"

பெர்சிஸ் மறுபடி போனை எடுத்துப் பார்த்தாள். இப்போது வேறொரு பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அந்த விமானத்துக்குள் அப்பா இன்னும் உயிரோடுதான் இருந்தார். அது இறங்காமல் இப்படியே பறந்துகொண்டிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். ஆனால் அது கரையை நெருங்கிக்கொண்டே வந்தது.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் போன் அடித்தது. அடுக்களைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எறங்கியாச்சுக்கா. கதவு இன்னும் தெறக்கல, எல்லாரும் எந்திச்சு நிக்காவ. அப்பா எப்படி இருக்காவ?"

"நீ பைய வா."

"அப்பாட்ட போனக் குடேன். ஒரு வார்த்த பேசிருதேன்."

முன்னறையில் பெண்கள் துக்கப் பாட்டெடுத்தார்கள். பெர்சிஸ் போனை உள்ளங்கையால் பொத்தினாள். பொத்தியது போதவில்லை.

"அக்கா, அங்கன யாரு பாடுதா?"

பெர்சிஸ் பொத்திய கையை எடுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பெட்டிகளை இறக்கும் சத்தமும் நடக்கிற சத்தமும் கொஞ்ச நேரம் கேட்டன. பிறகு அவையும் ஓய்ந்தன.

"சார், எல்லாரும் இறங்கிட்டாங்க" என்று போனுக்குள் ஒரு பெண்குரல் சொன்னது. "சார்."